மேளத்தை எரித்த இடையன்

ஜெர்மனி நாட்டின் தென்பகுதியில் தௌபர் என்றொரு சிற்றாறு ஓடுகிறது. திராட்சைத் தோட்டங்கள் படர்ந்த குன்றுகளுக்கு இடையே வளைந்து சென்று, வெர்ட்ஹைம் என்னும் ஊரில் மைன் ஆற்றோடு அது கலக்கிறது. அதன் கரையில் அமைந்த சிற்றூர்களுள் ஒன்று நிக்லாஸ்ஹவுசன். தன் பெயரிலேயே நிக்கோலாசைத் தாங்கிய ஊர். சில நூறு பேர் மட்டுமே வாழும் இவ்வூரை நாட்டு வரைபடத்தில் கண்டுபிடிப்பது எளிதன்று. ஆயினும் 1476-ஆம் ஆண்டின் தவக்காலம் முதல் ஜூலை மாதம் வரை, நான்கு மாதங்களுக்கும் குறைவான காலம், இச்சிற்றூரின் பெயர் தென் ஜெர்மனி முழுவதும் ஒலித்தது. ஆயர்களின் அரண்மனைகளிலும், நகர மன்றங்களிலும், உழவர் குடிசைகளிலும் அதைப் பற்றியே பேசினார்கள்.

குருமடத்தில் நாங்கள் திருச்சபை வரலாறு பயின்றபோது பதினைந்தாம் நூற்றாண்டைப் பற்றி நிறையவே கற்றோம். கான்ஸ்டன்ஸ் சங்கம், பாசல் சங்கம், கான்ஸ்டான்டினோபிளின் வீழ்ச்சி, அச்சுக்கலையின் தோற்றம் என அவ்வரலாறு விரிந்தது. அதில் திருத்தந்தையர் இருந்தனர், பேரரசர்கள் இருந்தனர், இறையியல் அறிஞர்கள் இருந்தனர். உழுதவனும் ஆடு மேய்த்தவனும் அதில் இல்லை. நிக்லாஸ்ஹவுசனை நான் அறிந்தது பிற்காலத்தில்தான். ஒரு கோடைக்காலத்தில், அப்பகுதிப் பங்குத்தந்தை ஒருவர் விடுப்பில் சென்றபோது, அவருக்குப் பதிலாக அங்கே பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அப்போது பங்கு மக்களுள் முதியவர் ஒருவர், தம் முன்னோர் காலத்துப் பழமொழி ஒன்றைச் சொன்னார்: “ஆயர் கோலின்கீழ் வாழ்வது நல்வாழ்வு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “இந்தப் பழமொழியைச் சொல்லத் தொடங்கியது உழவனா, ஆயரின் கணக்குப்பிள்ளையா என்று எனக்குத் தெரியாது, ஃபாதர்” என்றார். பிறகுதான் அந்த இடையனின் கதையைச் சொன்னார். அன்று முதல் அக்கதையைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். படிக்கும்போதெல்லாம், ஒரு குருவாகிய என் உள்ளத்தில் அது ஒரு கேள்வியை எழுப்புகிறது.

ஓர் உழவனுக்கு எத்தனை ஆண்டைகள்?

அக்காலத்துச் சிற்றூர் ஒன்றின் வாழ்வை அறியாமல் இக்கதை விளங்காது. ஜெர்மன் நாடுகளில் ஓர் உழவனுக்கு ஒரே ஆண்டை இருந்ததில்லை. அவன் உழுத நிலத்துக்கு ஓர் ஆண்டை. அவன் பண்ணையடிமையாயின் அவன் உடலுக்கு ஓர் ஆண்டை. அவனை விசாரித்துத் தண்டிக்கும் நீதிமன்றத்துக்கு மற்றோர் ஆண்டை. சில இடங்களில் இம்மூன்று உரிமைகளும் ஒருவர் கையிலேயே இருந்தன. வேறு சில இடங்களில் மூவர் கைகளில் இருந்தன. சுமை எல்லா ஊர்களிலும் ஒரே அளவாக இருந்ததென்று சொல்ல முடியாது. ஆனால் அதன் வகைகள் எங்கும் ஏறத்தாழ ஒன்றே.

நிலத்துக்குக் குத்தகை கொடுக்க வேண்டும். ஆண்டையின் வயலில் ஆண்டுக்கு இத்தனை நாள் என்று கூலியின்றி உழைக்க வேண்டும். ஆண்டையின் வண்டியை ஓட்ட வேண்டும். அவர் வேட்டைக்குப் போனால் உடன் ஓட வேண்டும். பண்ணையடிமையான குடும்பத் தலைவன் இறந்தால், அவன் தொழுவத்திலிருந்த மிகச் சிறந்த மாட்டை ஆண்டையின் ஆள் வந்து ஓட்டிச் செல்வான். கணவனை இழந்தவள் அழுது முடிப்பதற்குள் மாட்டையும் இழந்து நிற்பாள்.

இவற்றோடு பத்திலொரு பங்கு. விளைந்த தானியத்தில் பத்தில் ஒன்று பெரிய பங்கு எனப்பட்டது. காய்கறி, கனி, கோழி போன்றவற்றில் பத்தில் ஒன்று சிறிய பங்கு. இது தொடக்கத்தில் பங்குக் குருவின் பிழைப்புக்கும், ஆலயத்தின் பராமரிப்புக்கும், ஏழைகளின் உதவிக்கும் என ஏற்பட்டது. நாளடைவில் அது ஒரு சொத்தாகவே மாறிவிட்டது. அதை விற்றார்கள், அடகு வைத்தார்கள், துறவு மடங்களும் பேராலயக் குருக்கள் குழுக்களும் பிரபுக்களும் அதை உரிமையாக்கிக் கொண்டார்கள். ஊரில் திருப்பலி நிறைவேற்றி, நோயில் பூசுதல் அளித்து, இறந்தோரை அடக்கம் செய்த எளிய குருவுக்குக் கிடைத்தது அதில் ஒரு சிறு துண்டே. ஏழைக்குக் கிடைத்தது அதனினும் குறைவு.

மற்றொன்றும் உண்டு. காடும், ஆறும், மேய்ச்சல் நிலமும் முன்னாளில் ஊருக்குப் பொதுவாயிருந்தன. விறகும் மீனும் புல்லும் ஏழையின் வாழ்வாதாரம். அவற்றைச் சிறிது சிறிதாக ஆண்டைகள் தமக்கென்று வளைத்துக்கொண்டனர். ஆண்டையின் மான் தன் பயிரை மேய்வதை உழவன் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதைக் கொன்றால் தண்டனை. கடவுள் எல்லாருக்கும் படைத்த ஆற்றில் மீன் பிடித்தால் திருட்டு. இதுவே அன்றைய சட்டம்.

நிக்லாஸ்ஹவுசன் மீது உலக அதிகாரம் கொண்டிருந்தவர் வெர்ட்ஹைம் கோமகன். ஆன்மீக அதிகாரம் மைன்ஸ் பேராயருடையது. அருகிலேயே வலிமை மிக்க அண்டை அரசாக நின்றது வூர்ட்ஸ்புர்க் மறைமாவட்டம். மறைமாவட்டம் அரசாக இருக்குமா என்று வாசகர் வியக்கலாம். அன்றைய ஜெர்மனியில் பல ஆயர்கள் அரசர்களாகவும் இருந்தனர். மைன்ஸ் பேராயர், பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஏழு இளவரசர்களுள் ஒருவர். வூர்ட்ஸ்புர்க் ஆயருக்குப் பேரரசர் பிரடெரிக் பார்பரோசா 1168-இல் பட்டயம் வழங்கி, ஃப்ராங்கோனியப் பகுதியில் கோமகனுக்குரிய நீதி அதிகாரத்தை உறுதிப்படுத்தியிருந்தார். ஆகவே அந்த ஆயர் மேய்ப்பராகவும் இருந்தார், ஆண்டையாகவும் இருந்தார். வரி விதித்தார், படை வைத்திருந்தார், மரண தண்டனை விதிக்கும் நீதிமன்றம் நடத்தினார். ஞாயிறன்று ஆசி வழங்கிய அதே கை, திங்களன்று வரி வசூலித்தது.

மேளமும் அன்னையும்

இந்தச் சூழலில்தான் ஹான்ஸ் பேஹம் என்னும் இளைஞன் வருகிறான். வூர்ட்ஸ்புர்க்குக்கு மேற்கேயுள்ள ஹெல்ம்ஸ்டட் என்னும் ஊரைச் சேர்ந்தவன். ஆடு மாடு மேய்ப்பது அவன் தொழில். விழா நாட்களிலும் மதுச்சாலைகளிலும் சிறு மேளம் கொட்டியும் குழல் ஊதியும் மக்களை ஆட வைப்பது அவன் மகிழ்ச்சி. எழுதப் படிக்க அறியாதவன்.

நிக்லாஸ்ஹவுசனில் அன்னை மரியாவுக்கு ஓர் ஆலயம் இருந்தது. அதைச் சந்திப்போருக்குப் பதினான்காம் நூற்றாண்டிலேயே திருச்சபை ஞானப் பலன்களை அளித்திருந்தது. எனினும் அது சுற்று வட்டார மக்கள் மட்டுமே அறிந்த எளிய திருத்தலம். 1476-ஆம் ஆண்டு தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு, மார்ச் 24 அன்று, அவ்வாலயத்தின் முன் ஹான்ஸ் தன் மேளத்தை மக்கள் காண எரித்தான். வயல்வெளியில் தனக்கு அன்னை மரியா காட்சி தந்ததாகவும், மனம் மாறுங்கள் என்று மக்களுக்கு அறிவிக்கத் தன்னை அனுப்பியதாகவும் கூறினான். இருபது ஆண்டுகளுக்கு முன் ஜெர்மன் நாடுகளில் போதித்துச் சென்ற கப்பிஸ்திரானோ நகர் யோவான் என்ற பிரான்சிஸ்கன் துறவியின் உரையைக் கேட்டு, மக்கள் சூதாட்டப் பலகைகளையும் ஆடம்பரப் பொருள்களையும் தெருவில் எரித்ததுண்டு. பின்னாளில் புனிதராக உயர்த்தப்பட்ட அத்துறவியைப் பற்றிய பேச்சு இடையனின் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

தொடக்கத்தில் அவன் போதனையில் எவருக்கும் குறை காண வாய்ப்பில்லை. பாவத்தை விடுங்கள், பகட்டான அணிகலன்களையும் கூர்மூக்குக் காலணிகளையும் களையுங்கள், தௌபர் பள்ளத்தாக்குக்கு வந்து அன்னையை வணங்குங்கள் என்றான். உரோமையில் கிடைக்கும் முழு மன்னிப்பு இங்கேயும் கிடைக்கும் என்றும் சொன்னான். இச்சொல் ஏழைகளின் உள்ளத்தை எவ்வளவு தொட்டிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். அதற்கு முந்திய 1475-ஆம் ஆண்டு உரோமையில் யூபிலி ஆண்டு. ஆல்ப்ஸ் மலையைக் கடந்து உரோமைக்குச் செல்ல உழவனுக்குப் பொழுதுமில்லை, பொருளுமில்லை. அவனுக்கு எட்டாத அருள், இப்போது அவன் நடந்தே செல்லக்கூடிய ஊருக்கு வந்துவிட்டது!

மக்கள் திரண்டார்கள். ஏரைப் போட்டது போட்டபடி, அரிவாள் கையோடு, வேலைக்காரர்கள் எசமானிடம் சொல்லாமலும் புறப்பட்டார்கள். ஒரே நாளில் 30,000 பேர், 40,000 பேர் என்றெல்லாம் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். மிகைப்படுத்தல் இருக்கலாம், ஆனால் கூட்டம் பெரிது என்பதில் ஐயமில்லை. வந்தவர்கள் மெழுகுதிரிகளையும் நகைகளையும் ஆடைகளையும் காணிக்கையாக வைத்தனர். இடையனின் கம்பளித் தொப்பியிலிருந்து நூல்களைப் பிய்த்துப் புனிதப் பண்டம் போல் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். நூரன்பெர்க் நகர மன்றம் தன் குடிகள் அங்கே போகக்கூடாது என்று தடை விதித்தது.

நாள்கள் செல்லச் செல்ல அவன் பேச்சு மாறியது. அல்லது, அதே பேச்சின் உட்பொருள் வெளிப்பட்டது என்று சொல்லலாம். ஆயர் அனுப்பிய ஒற்றர்கள் அவன் சொன்னவற்றைக் குறித்து வைத்தார்கள். இளவரசர்களும் பிரபுக்களும் குருக்களும் எளிய மக்களுக்கு உள்ளதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது. காடும் நீரும் மேய்ச்சலும் எல்லாருக்கும் பொது. சுங்கமும் கட்டாய ஊழியமும் ஒழிய வேண்டும். பத்திலொரு பங்கு கட்டாயமாக இராமல் மனமுவந்து கொடுப்பதாக இருக்க வேண்டும். கோமகனும் ஒருநாள் தினக்கூலிக்கு உழைக்கும் காலம் வரும். இவை அப்பட்டியலில் உள்ளவை. குருக்களைக் கொல்லும் காலம் வரும் என்று அவன் சொன்னதாகவும் அதே பட்டியலில் இருக்கிறது.

அறிவில் சிறந்தோர் பலர், எழுத்தறியாத ஓர் இடையன் இவற்றைத் தானே எண்ணிப் பேசியிருக்க முடியாது என்று நினைத்தனர். அவனுக்குப் பின்னால் அவ்வூர்ப் பங்குக் குருவோ, குகையில் வாழ்ந்த துறவி ஒருவரோ இருந்து சொல்லிக்கொடுக்கிறார் என்றனர். யாரேனும் தூண்டியிருக்கலாம். ஆனால் இறந்துபோன தந்தையின் மாட்டை ஆண்டையின் ஆள் ஓட்டிச் செல்வதைக் கண்ட மகனுக்கு, அது அநீதி என்று சொல்லிக்கொடுக்க இன்னொருவர் தேவையா?

மரியாவின் மலையில்

அக்காலத்தில் வூர்ட்ஸ்புர்க் ஆயராக இருந்தவர் ருடோல்ஃப் ஃபொன் ஷேரன்பெர்க். 1466 முதல் 1495 வரை அப்பதவியில் இருந்தார். இவரைக் கொடுங்கோலர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நேர்மையாகாது. கடனில் மூழ்கியிருந்த மறைமாவட்ட அரசை மீட்டெடுத்தவர். அச்சுக் கலைஞரை வரவழைத்து, 1479-இல் மறைமாவட்டக் குருக்களுக்கான திருப்புகழ்மாலை நூலை அச்சிடச் செய்தவர். எளிதில் சினங்கொள்ளாத, கணக்கறிந்த, முதிர்ந்த ஆட்சியாளர். அதனால்தான் இக்கதை நம்மை அதிகமாக உறுத்துகிறது. தீயவர் ஒருவர் தீமை செய்தார் என்றால், அவரைப் பழித்துவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிடலாம். இங்கே தம் கடமையைச் செய்வதாக நம்பிய ஓர் ஆயர் இருக்கிறார்.

அடுத்த முறை வரும்போது பெண்களையும் பிள்ளைகளையும் வீட்டில் விட்டுவிட்டு, ஆண்கள் மட்டும் ஆயுதங்களோடு வரவேண்டும் என்று ஹான்ஸ் அறிவித்ததாக ஆயருக்குச் செய்தி வந்தது. அவன் உண்மையிலேயே அப்படிச் சொன்னானா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஜூலை 12 அன்று இரவில் ஆயரின் குதிரைவீரர்கள் நிக்லாஸ்ஹவுசனுக்குள் நுழைந்து, அவனைப் பிடித்து வூர்ட்ஸ்புர்க் கோட்டைக்குக் கொண்டு சென்றனர். அக்கோட்டையின் பெயர் மரியன்பெர்க். மரியாவின் மலை என்பது அதன் பொருள். மிகப் பழைய மரியன்னை ஆலயம் ஒன்று அக்கோட்டைக்குள் இருக்கிறது. அன்னையின் தூதன் என்று தன்னை அழைத்துக்கொண்டவன் அன்னையின் மலையிலேயே சிறைப்பட்டான்.

ஜூலை 14, ஞாயிறு. ஏறத்தாழ 16,000 பேர் கோட்டையின் முன் வந்து நின்றார்கள் என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். அவர்களுள் பலர் கையில் ஏந்தியிருந்தவை நிக்லாஸ்ஹவுசன் ஆலயத்திலிருந்து எடுத்து வந்த பெரிய மெழுகுதிரிகள். அன்னையின் அருளால் கோட்டைக் கதவுகள் தாமே திறக்கும் என அவர்கள் நம்பினார்கள். ஆயரின் அலுவலர் வந்து பேசினார். பீரங்கிகள் முழங்கின. பெரும்பாலோர் மனமுடைந்து திரும்பினர். திரும்பிச் சென்றவர்களைக் குதிரைவீரர்கள் துரத்தித் தாக்கினர். சிலர் மாண்டனர், பலர் சிறைப்பட்டனர்.

ஜூலை 19 அன்று, கோட்டைக்குக் கீழேயுள்ள ஷாட்டனாங்கர் என்னும் திடலில், உழவர் இருவர் தலை வெட்டப்பட்டனர். பிறகு ஹான்ஸ் பேஹம் கம்பத்தில் கட்டி எரிக்கப்பட்டான். தீ மூட்டப்பட்டபோது அவன் தன் தாய்மொழியில் அன்னை மரியாவின் பாடலைப் பாடினான் என்கிறார்கள். அவன் சாம்பலை மக்கள் எடுத்துச் சென்று வணங்கிவிடக் கூடாது என்பதற்காக, அதை மைன் ஆற்றில் கரைத்தார்கள்.

காணிக்கையின் கதை

அவன் இறந்த பின்னும் மக்கள் நிக்லாஸ்ஹவுசனுக்கு வருவது நிற்கவில்லை. எனவே மைன்ஸ் பேராயர் அங்கே வழிபாட்டுத் தடை விதித்தார். 1477-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆலயமே இடிக்கப்பட்டது. அதற்குள் அங்கே குவிந்திருந்த காணிக்கைகளை என்ன செய்தார்கள்? வெர்ட்ஹைம் கோமகன், மைன்ஸ் பேராயர், வூர்ட்ஸ்புர்க் ஆயர் ஆகிய மூவரும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர்.

இக்கதையில் என்னை மிகுதியும் வருத்துவது எரிந்த நெருப்பன்று, இந்தப் பங்கீடுதான். அந்தத் திருப்பயணம் தவறான நம்பிக்கையால் எழுந்தது என்றால், அக்காணிக்கை ஏமாற்றப்பட்ட ஏழைகளின் பொருள். அதை அவர்களுக்கே திருப்பித் தந்திருக்க வேண்டும், அல்லது வேறு ஏழைகளுக்குக் கொடுத்திருக்க வேண்டும். அந்தத் திருப்பயணம் உண்மையான பக்தியால் எழுந்தது என்றால், ஆலயத்தை இடித்திருக்கவே கூடாது. அவர்கள் செய்தியை மறுத்தார்கள், பணத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆண்டை செய்தால் அதைச் சொத்துப் பங்கீடு என்று சொல்லிவிடலாம். மேய்ப்பர் செய்தால் அதை எப்படிச் சொல்வது?

இரு கைகள்

வூர்ட்ஸ்புர்க் பேராலயத்தில் ஆயர் ஷேரன்பெர்க்கின் கல்லறைச் சிற்பத்தைக் கண்டேன். 1945 மார்ச் 16 அன்று குண்டுவீச்சில் அந்நகரம் எரிந்தபோது பேராலயமும் சிதைந்தது; எனினும் இச்சிற்பம் தப்பியது. சிவந்த சலவைக்கல்லில், தொண்ணூறு வயதைக் கடந்த முதியவரின் முகம். கன்னத்தின் சுருக்கங்களும் சோர்ந்த கண்களும் உயிருள்ளவை போலத் தெரிகின்றன. ஆயருக்கு ஒரு கையில் மேய்ப்புக்கோல். மறு கையில் வாள். அந்நாட்டு ஆயர்களை இவ்வாறு வடிப்பது அன்றைய மரபு. அதில் எவரும் முரண்பாடு காணவில்லை.

இதைச் செதுக்கி 1499-இல் முடித்தவர் டில்மன் ரீமன்ஷ்னைடர். அக்காலத்து ஜெர்மனியின் தலைசிறந்த சிற்பிகளுள் ஒருவர். அவர் மரத்தில் செதுக்கிய மரியன்னை உருவங்களின் துயரம் தோய்ந்த முகங்களைக் கண்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். வூர்ட்ஸ்புர்க் நகர மன்றத்தில் உறுப்பினராகவும் பின்னர் நகரத் தலைவராகவும் அவர் பணியாற்றினார்.

1525-இல் உழவர் எழுச்சி மூண்டது. மெம்மிங்கன் நகரில் உழவர்கள் வெளியிட்ட பன்னிரு கோரிக்கைகளை எடுத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. காட்டு விறகு, ஆற்று மீன், பொது மேய்ச்சல் நிலம், பத்திலொரு பங்கு, இறந்தவன் வீட்டில் எடுக்கும் வரி என அந்த இடையன் பேசியவையும் அவனைப் போன்றோர் பட்டவையுமே அங்கே வரிசையாக நிற்கின்றன. ஆயரின் ஒற்றர்கள் 1476-இல் எழுதிய பட்டியல், ஒருவனை எரிப்பதற்குப் பயன்பட்டது. ஒரு குறையைத் தீர்ப்பதற்குப் பயன்படவில்லை. தீர்க்கப்படாத குறைகள் 49 ஆண்டுகள் காத்திருந்து, இம்முறை மெழுகுதிரியோடு அல்லாமல் ஈட்டியோடு வந்தன. தௌபர் பள்ளத்தாக்கின் உழவர்களும் சேர்ந்து மே மாதத்தில் அதே மரியன்பெர்க் கோட்டையை முற்றுகையிட்டார்கள். கோட்டை விழவில்லை. ஜூன் 2 அன்று தௌபர் கரையிலுள்ள கோனிக்ஸ்ஹோஃபனில் அவர்கள் வெட்டி வீழ்த்தப்பட்டார்கள். அவ்வாண்டு ஜெர்மன் நாடுகள் முழுவதிலும் மாண்டவர்கள் 70,000 முதல் 1,00,000 பேர் வரை இருக்கலாம் என்பது வரலாற்று ஆய்வாளர்களின் மதிப்பீடு. சீர்திருத்தம் பேசிய மார்ட்டின் லூத்தரும் உழவர்களுக்கு எதிராகவே எழுதினார்.

உழவர்களுக்கு எதிராக நகரத்தவரை அனுப்ப மறுத்த மன்ற உறுப்பினர்களுள் ரீமன்ஷ்னைடரும் ஒருவர். எழுச்சி ஒடுக்கப்பட்டதும் அவர் அதே கோட்டையில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் சிறை வைக்கப்பட்டு வதைக்கப்பட்டார். ஆயரின் முதிர்ந்த முகத்தை அத்துணைக் கனிவோடு செதுக்கிய கைகள் அவை.

நிக்லாஸ்ஹவுசனின் பிற்காலக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1520-களில் வெர்ட்ஹைம் கோமகன் லூத்தரின் போதனையை ஏற்றார். ஆண்டையின் மதமே குடிகளின் மதம் என்ற வழக்கின்படி அவ்வூர் மக்களும் மாறினார்கள். இன்று அவ்வூர் ஆலயம் புரோட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்தது. நிலம் யாருடையது என்பதைத் தீர்மானித்தபோது உழவனைக் கேட்காதவர்கள், அவன் எப்படிச் செபிக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தபோதும் கேட்கவில்லை.

அவன் யாருடையவன்?

பிற்காலத்தில் ஹான்ஸ் பேஹமைப் பலர் உரிமை கொண்டாடினர். பிரடெரிக் எங்கெல்ஸ் 1850-இல் ஜெர்மானிய உழவர் போரைப் பற்றி எழுதியபோது, இந்த இடையனைப் புரட்சியின் முன்னோடிகளுள் ஒருவனாகக் காட்டினார். அக்காலத்து எழுச்சிகளில் சமயம் ஒரு மேலாடை என்பதே அவர் கருத்து. இதை நான் ஏற்கவில்லை. பீரங்கிகளுக்கு எதிரே மெழுகுதிரியோடு நின்றவனின் பக்தியை மேலாடை என்று சொல்வது, அவனுக்கு மற்றோர் அநீதி. அவன் வயிற்றைப் பற்றி மட்டும் கவலைப்பட்டிருந்தால், மெழுகுக்குச் செலவிட்ட காசில் ரொட்டி வாங்கியிருப்பான். மன்னிப்பும் விறகும், அருளும் மீனும் அவனுக்கு இரு வேறு தேவைகளாகத் தோன்றவில்லை. தாழ்ந்தோரை உயர்த்துகிற கடவுளைப் புகழ்ந்து பாடிய அன்னையிடம் அவன் போனதில் வியப்பென்ன இருக்கிறது?

அதே வேளையில், அவனைப் புனிதனாக்கவும் என்னால் இயலாது. குருக்களைக் கொல்வது பற்றிய சொற்கள் அவனுடையவையே என்றால், அவை அன்னையிடமிருந்து வந்திருக்க முடியாது. நீதிக்காகப் பசித்தவனுக்கும் வெறுப்பு ஒரு சோதனையே. ஆயரின் வாளைக் கண்டிக்கும் நாம், இடையனின் நாவிலிருந்த வாளை மறைத்துவிடக் கூடாது. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைப்பதும் சரியன்று. ஒருவனிடம் இருந்தது சொல். மற்றவரிடம் இருந்தது படையும் நீதிமன்றமும் விறகுக் கட்டையும்.

திருச்சபை வாளைத் தானாகக் கீழே வைக்கவில்லை, அது பறிக்கப்பட்டது. 1803-ஆம் ஆண்டையொட்டி நெப்போலியன் காலத்து மாற்றங்களில் ஜெர்மன் ஆயர்களின் அரசுகள் எல்லாம் ஒழிந்தன. வூர்ட்ஸ்புர்க் அரசு பவேரியாவோடு சேர்க்கப்பட்டது. அன்று அதைப் பேரிழப்பு என்று பலர் அழுதனர். ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1965-இல் வெளியிட்ட இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில், உலக அதிகாரம் தரும் சலுகைகளில் திருச்சபை நம்பிக்கை வைப்பதில்லை என்றும், தன் சாட்சியத்தின் தூய்மையை ஐயத்துக்குள்ளாக்கும் உரிமைகளை விட்டுக்கொடுக்கவும் ஆயத்தமாயிருக்கிறது என்றும் கூறியது. 2000-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உண்மையின் பெயரால் திருச்சபையின் மக்கள் வன்முறையைக் கையாண்டதற்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். ஷாட்டனாங்கர் திடலில் எரிந்தவனும் அந்த மன்னிப்பு வேண்டலுக்குள் இருக்கிறான் என்றே நான் நம்புகிறேன்.

இக்கதை என் உள்ளத்தில் எழுப்பும் கேள்வி இதுதான்: மேய்ப்பனே ஆண்டையாகவும் இருந்தால், அவனிடம் ஆண்டையைப் பற்றி முறையிட ஆடு எங்கே போகும்? ஷேரன்பெர்க் ஆயர் தம் மக்களை வெறுத்தவர் அல்லர். ஆனால் காட்டையும் மீனையும் பற்றிய பேச்சு வந்தவுடன் அவர் கேட்டது ஏழையின் முறையீட்டையன்று. தம் வருமானத்துக்கு வந்த ஆபத்தையே. கருவூலத்தின் கணக்கு காதில் ஒலிக்கும்போது, குடிசையின் குரல் உள்ளே நுழைவதில்லை.

இன்று எந்த ஆயரிடமும் வாள் இல்லை; எந்தக் குருவிடமும் சிறை இல்லை. ஆயினும் நிலம், கட்டடம், நிறுவனம், வேலை கொடுக்கும் அதிகாரம் ஆகியவை சிறிய அளவிலேனும் பலருடைய கைகளில் உண்டு. குருக்கள் கைகளில் மட்டுமல்ல, வேலையாள் வைத்திருக்கும் பொதுநிலையினர் கைகளிலும் உண்டு. நம்மைச் சார்ந்து பிழைப்பவர் நம்மைப் பற்றியே நம்மிடம் குறை சொல்ல வரும்போது, அவருக்குப் பின்னால் யாரோ இருந்து தூண்டுகிறார்கள் என்னும் எண்ணம்தான் முதலில் எழுகிறது. 1476-இலும் அதே எண்ணம்தான் எழுந்தது. தூண்டியவர் யார் என்று தேடுவதற்கு முன், சொன்னது உண்மையா என்று பார்ப்பதற்கு அதிக நேரம் ஆகாது. ஒரு வீட்டுக்குப் போய், ஒரு தொழுவத்தை எட்டிப் பார்த்தாலே போதும். அங்கே மாடு இருக்கிறதா, ஓட்டிச் செல்லப்பட்டதா என்பது தெரிந்துவிடும்.